ராப் எங்கே போனான்?

வில்லியம் வைலர் 1946இல் எடுத்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஹோமரின் கைகளிடம்தான் முதலில் போவோம். அந்த வேடத்தில் வரும் ஹரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் இல்லை. 1944 ஜூன் 6 அன்று, நார்மண்டியில் படைகள் இறங்கிய அதே நாளில், வட கரோலினாவின் ஒரு பயிற்சி முகாமில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். இரும்புக் கொக்கிகளால் அவர் தீக்குச்சி உரசுவதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனா இந்தப் படத்தின் உண்மையான விஷயம் அந்தக் கைகளில் இல்லை என்றே நினைக்கிறேன்.

மூன்று பேர் ஒரே ராணுவ விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். சார்ஜெண்ட் ஆல் வங்கி அதிகாரி, பெரிய அபார்ட்மெண்ட்வாசி. அவரைவிடப் பெரிய பதவியில் இருந்த கேப்டன் ஃப்ரெட், ரயில் பாதையோரக் குடிசையில் வளர்ந்து, மருந்துக்கடையில் ஐஸ்கிரீமும் சோடாவும் கலந்து கொடுத்தவன். கடற்படைக்குப் போனவன் ஹோமர். சீருடையைக் கழற்றியதும் அவரவர் வர்க்கம் அவரவருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. இதை வசனமே இல்லாமல் வீடுகளைக் காட்டியே சொல்லிவிடுகிறார் வைலர்.

ஆல் தன் மகன் ராபுக்கு ஜப்பானிய வாளும் கொடியும் கொண்டுவருகிறார். பையன் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, ஹிரோஷிமாவில் கதிர்வீச்சால் மக்களுக்கு என்ன ஆனது, கவனித்தீர்களா என்று கேட்கிறான். அப்பா கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டுமோ என்று திருப்பிக் கேட்கிறார். அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடுகிறது. ஓர் அமெரிக்க வரவேற்பறையில் 1946லேயே அந்தக் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. பதில்தான் இல்லை.

இன்னொரு காட்சி மருந்துக்கடையில். சட்டையில் கொடிச்சின்னம் குத்திய ஒரு வாடிக்கையாளர், நாம் தப்பான எதிரியோடு போரிட்டோம், வாஷிங்டன்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், செஞ்சட்டைகளைத்தான் அடித்திருக்க வேண்டும் என்று ஹோமரிடம் சொல்கிறார். ஹோமர் அந்தச் சின்னத்தைப் பிய்க்கிறான். ஃப்ரெட் அந்த ஆளை ஓங்கிக் குத்துகிறான், வேலை போகிறது. தியேட்டரில் கைதட்டியிருப்பார்கள். ஆனா குத்து ஒரு பதில் ஆகுமா? அந்த வாதத்தை எதிர்கொள்ளும் ஒரு வாக்கியம்கூடப் படத்தில் கிடையாது.

அடுத்து நடந்ததைத் தேதியோடு பாருங்கள். 1947 மார்ச் 12: கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு, கம்யூனிசத்தை உலகெங்கும் தடுப்பதே இனி நம் வேலை என்கிற கொள்கையைக் காங்கிரஸ் முன்னால் வைக்கிறார் ட்ரூமன். மார்ச் 13: இந்தப் படம் சிறந்த படம் உட்பட ஆஸ்கர்களை அள்ளுகிறது. மார்ச் 21: அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணை வருகிறது. அக்டோபரில் ஹாலிவுட்டையே விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த விசாரணையை எதிர்த்து வானொலியில் பேசிய வைலர், இன்றைய சூழலில் இந்தப் படத்தைத் தன்னால் எடுக்க முடியாது என்றார். ட்ரூமனும் அந்த மருந்துக்கடை ஆளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஹிட்லரை விட்டிருக்கலாம் என்று ட்ரூமன் சொன்னதே இல்லை. ஆனா குத்து வாங்கிக் கீழே விழுந்தவரின் பயம், ஒரே வருஷத்தில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அரசு ஆணையாக எழுந்து வந்தது.

படத்தின் கருணைக்கும் ஓர் எல்லை உண்டு. அடமானம் ஏதுமில்லாத ஒரு முன்னாள் வீரருக்கு ஆல் கடன் கொடுப்பதைப் பார்க்க இதமாக இருக்கிறது. ஆனா 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்த 3,229 கடன்களில் கறுப்பர்களுக்குப் போனவை வெறும் 2. அந்தக் கறுப்பின வீரர் ஆலின் மேசைக்கு எதிரே உட்காரவே இல்லை.

இருந்தும் இதை நான் பெரிய படம் என்று சொல்லக் காரணம், கடைசிப் பகுதியில் வரும் விமானக் கல்லறை. எஞ்சின் கழற்றப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஃப்ரெட் ஒன்றில் ஏறி, தன் பழைய இருக்கையில் வேர்த்து நடுங்குகிறான். கீழே நிற்கும் மேஸ்திரி, இந்த உலோகத்தை உடைத்து வீடு கட்டப் போகிறோம் என்கிறார். ஃப்ரெட் அங்கேயே வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறான். போரை உடைத்து வீடாக்கிவிடலாம். படத்தின் அரசியல் முழுக்க இந்த ஒரு நம்பிக்கைதான். அது அசட்டு நம்பிக்கையும் இல்லை. 1945இல் சீருடையில் இருந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர், 1947 நடுவில் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தார்கள். நாடு நிஜமாகவே வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

1950இல் கொரியப் போர் வந்தது. கிடங்கில் மூடிவைத்திருந்த பி-29 விமானங்களைத் துடைத்து வெளியே எடுத்தார்கள்.

ராப் படத்தின் பாதியிலேயே காணாமல் போய்விடுகிறான், கடைசிக் கல்யாணத்தில்கூட அவன் இல்லை. திரைக்கதையின் ஓட்டை என்று இதைச் சொல்லலாம், சரிதான். எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடுகிறது. 1946இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, 1950இல் படையில் சேரும் வயசு.