தட்டிப் பார்த்து வாங்குங்கள்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்துக் காதுகளுக்குக் கொட்டு புதிதல்ல. கோயில் கொடை என்றால் நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு வரும். கணியான் கூத்தில் மகுடம் இரண்டு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். தீயில் காட்டித் தோலை விறைப்பாக்கி, விரலால் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே பாட்டு தொடங்கும். இந்தக் கலைஞர்களில் யாரும் வாத்தியத்துக்குள் எத்தனை சத்தம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில்லை. தோல் கைக்கு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. கையிலுள்ள கொஞ்சப் பணத்தில் முதல் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கப்போகிற பிள்ளையும் இந்தக் கணக்கையே போடவேண்டும் என்பது என் கட்சி.

எலக்ட்ரானிக் டிரம்ஸில் குச்சி படும் தட்டுக்குப் பேட் என்று பெயர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பீஸோ சென்சார் அடியின் அதிர்வை மின்துடிப்பாக்கி அனுப்புகிறது; மாட்யூல் என்கிற பெட்டி அதன் வலுவுக்கேற்ற ஒலிப்பதிவை எடுத்துப் போடுகிறது. ஆகவே சத்தம் பெட்டியுடையது, தொடுஉணர்வு பேடுடையது. சத்தம் பழசாகிவிட்டால் யுஎஸ்பி வயரைக் கணினியில் செருகி வேறு சத்தத்துக்கு மாறிக்கொள்ளலாம். பேட் மட்டமாக இருந்தால் எந்த வயராலும் அது நல்ல பேட் ஆகாது. வரலாறும் இதையே சொல்கிறது. 1981இல் வந்த சிம்மன்ஸ் கம்பெனியின் அறுகோண பேடுகள் உலகப் புகழ் பெற்றன, ஆனால் கல்போன்ற அந்தப் பரப்பில் வாசித்து மணிக்கட்டு நொந்தவர்கள் பலர். 1997இல் ரோலண்ட் வலைபோல் நெய்த மெஷ் பேடைக் கொண்டுவந்தபோதுதான் குச்சி இயல்பாக எம்பத் தொடங்கியது. யமஹாவின் டிடிஎக்ஸ் 402 வரிசையைப் பாருங்கள்: 402, 432, 452 என்று மூன்று கிட், மூன்றுக்கும் மாட்யூல் ஒன்றே. 432இல் ஸ்னேர் பேட், நடுவிலும் விளிம்புகளிலும் தனித்தனியாகக் கேட்கிற உயர்ரகமாகிறது. 452இல் கூடவே நிஜமான சுத்தியல் அடிக்கிற கிக் பெடலும் வருகிறது. விலை ஏறுவது சத்தத்துக்காக அல்ல, கையும் காலும் படும் இடத்துக்காக என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

திருநெல்வேலியிலோ மதுரையிலோ கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் காட்டுவது டெமோ பாட்டாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்னேரில் குச்சியை வெறும் கனத்தில் விழவிட்டு, மெல்ல மெல்ல வலுவைக் கூட்டுங்கள். பூப்போன்ற அடி காதில் விழவே இல்லை, திடீரென்று ஒரு கட்டத்தில் சத்தம் குதிக்கிறது என்றால் வேண்டாம். அடுத்து ஒரே இடத்தில் வேகமாக உருட்டுங்கள். மலிவான பெட்டியில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்து பார்த்தால் சென்சாருக்கு நேர் மேலே மட்டும் சத்தம் தூக்கலாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டாமை ஓங்கி அடித்தால் அடிக்காத சிம்பல் முனகக்கூடாது. ஹைஹாட் பெடல்தான் விலை குறைந்த கிட்டுகள் பெரும்பாலும் தோற்கும் இடம்: முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல் இரண்டும் வரும், பாதி அழுத்தத்தில் வரவேண்டிய அந்தச் சலசலப்பு வராது. அது வருகிற கிட்டுக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் தகும்.

மெஷ் பேட் தோலைவிட அதிகமாக எம்புகிறது, அதில் பழகியவர் நிஜ டிரம்ஸில் தடுமாறுவார் என்று சொல்வார்கள். உண்மைதான், பேடைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் பாதி தீரும், மீதிக்கு அவ்வப்போது தலையணையில் குச்சி போட்டுப் பழகலாம். ரப்பர் பேடில் இப்படிச் சரிசெய்ய வழியே இல்லை. கச்சேரி மேடைகளில் எல்லோரும் ரோலண்ட் ரிதம் பேடில்தானே வாசிக்கிறார்கள், அதையே வாங்கினால் என்ன என்பது இன்னும் வலுவான கேள்வி. மெல்லிசைக் குழுவுக்கு அதுவே சரி; தபேலா, டோலக், தவில் எல்லாவற்றையும் ஒருவரே எட்டு பேடில் கொடுத்துவிடுவார். ஆனால் டிரம்ஸ் பாதிக்குமேல் கால் வித்தை. பேடோடு இரண்டு பெடலையும் தனியாக வாங்கிச் சேர்த்தால் சிக்கனம் என்ற பேச்சுக்கு இடமில்லை. எலக்ட்ரானிக் கிட்டின் விலைக்குப் பழைய நிஜ டிரம்ஸே கிடைக்குமே என்றால், கிடைக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீட்டில் அதைத் தினமும் வாசிக்கப் பக்கத்து வீட்டார் விடவேண்டும். எலக்ட்ரானிக் கிட்டும் முழு ஊமையல்ல: மாடியில் போட்டால் கிக்கின் தொம் தொம் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும், அதனால் அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடத்தான் வேண்டும்.

முந்நூறு நானூறு சத்தம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கொஞ்சம் பணம் மிஞ்சும். அதை உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலுக்கும் காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போனுக்கும் ஒதுக்கலாம். ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. சத்தம் ஒரு கணம் பிந்தி வந்து, அடித்த கையை ஏமாற்றும்.