சீனக்குடாவை இனங்காணல்

தென்னைகள் சூழ்ந்த ஓடுபாதையிலிருந்து ஹரிக்கேன் போர்விமானம் ஒன்று மேலெழும் காட்சியைக் கண்டவுடன், அது 1942 ஏப்பிரல் 9இல் யப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய நாளிற் பிடிக்கப்பட்டதே எனக் கொள்வார் நம்மிடையே பலர். ஆயின், அவ்விமானம் எந்தத் தளத்துக்கும் தனியுரிமையானதன்று. அதே மாதத்தில் 261ஆம் அணி சீனக்குடாவிலும், 30ஆம் அணி இரத்மலானையிலும், 258ஆம் அணி கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலும் ஹரிக்கேன்களையே கொண்டிருந்தன. தென்னையோ பர்மாக் கரையிலும் உண்டு.

விமானம் காலத்தை உணர்த்தலாம். இடத்தை உணர்த்துவது நிலமே. இறக்கையிலுள்ள வட்டச் சின்னத்தை முதலில் நோக்குதல் வேண்டும். யப்பானியச் செவ்வட்டத்துடன் மயங்காதிருக்கும்பொருட்டு, இப்பிராந்தியப் பிரித்தானிய விமானங்களின் சின்னத்திலிருந்து செந்நிற நடுப்பகுதி 1943 அளவில் நீக்கப்பட்டது. எனவே நீலமும் வெளிர்நீலமுமாக மட்டும் அமைந்த சின்னம் தோன்றும் படம் ஏப்பிரல் தாக்குதலைக் காட்டுவதாகாது. கறுப்பு வெள்ளைப் படத்திற்கூட அந்நடுப்பகுதி வெளிறித் தோன்றுவதைக் காணலாம்.

அடுத்து நிழல். திருகோணமலை ஏறத்தாழ வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் உள்ளது. ஏப்பிரல் இரண்டாம் வாரத்தில் நண்பகற் சூரியன் அங்கு உச்சிக்கு மிக அண்மையில் நிற்பான். விமானத்தின் நிழல் அதன் வயிற்றுக்கடியிலேயே ஒடுங்கும். தாக்குதல் நிகழ்ந்ததோ காலை வேளையில். ஆதலின் நீண்ட நிழல்கள் மேற்கு நோக்கி விழவேண்டும். ஒடுங்கிய நிழலைக் காட்டிக் குண்டுவீச்சின் ஓசையைப் பின்னர் சேர்த்த படத்தொகுப்பை நம்புதற்கில்லை.

சீனக்குடாவை ஐயமின்றித் துணிதற்கு நீரும் குன்றும் ஒருங்கே தோன்றவேண்டும். ஒருபுறம் தம்பலகாமக் குடா, மறுபுறம் உட்துறைமுகம், அருகே காடடர்ந்த மேட்டில் வரிசை வரிசையாக எண்ணெய்க் குதங்கள் என்னும் இவ்வமைப்பு இரத்மலானையில் இல்லை, புத்தளத்தில் இல்லை. ஆயினும் படச்சுருள் இடம்வலம் மாறி அச்சிடப்பட்டிருப்பின் குதங்கள் தவறான திசையில் நிற்கும். விமான உடலிலுள்ள எழுத்துகள் நேராக உள்ளனவா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நன்று. யானை விமானத்தை இழுக்கும் படத்தை வேடிக்கை எனத் தள்ளிவிடுவோரும் உளர். புத்தளம் கடற்படைத் தளத்தில் அவ்வாறு யானைகள் பயன்பட்டமையால் அதுவும் ஓர் இடச்சான்றே.

மயக்கம் எதிர்த்திசையிலும் நிகழும். 1954இல் வெளிவந்த 'த பேர்ப்பிள் பிளெயின்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் பர்மாப் போரைக் கூறுவது. அது படமாக்கப்பட்டதோ இலங்கையில். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி உண்மைப் படமென ஒட்டினால், நம் மண்ணே பர்மாவாகிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனலாம். படக்கருவி விமானத்தையே பின்தொடர்கின்றது. சட்டத்தின் ஓரத்திலோ கூடை சுமந்து மண் கொட்டும் கூலியாட்கள் இரண்டு நொடி தோன்றி மறைகின்றனர். விமானிகளின் பெயர்கள் அணிப் பதிவேடுகளில் உள்ளன. இவர்களுக்கு அவ்விரண்டு நொடியே பதிவேடு. இடப்பெயர் பிழைத்தால், பர்மாவின் உழைப்பாளியை நம் பாட்டனார் என்போம். நம் பாட்டனாரை வேறொரு நாட்டாரிடம் கொடுத்துவிடுவோம்.

வானிலிருந்து எடுத்த நீண்ட காட்சிகளே இவ்வகையில் மிகப் பயனுடையவை. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் விமானத்தின் கீழே வெருகல் ஆற்றுமுகம், இலங்கைத்துறையின் களப்பு வாய், பின் அகன்ற கொட்டியாரக் குடா, அதன்பின் துறைமுகம் என்னும் வரிசை தோன்றுமாயின் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வரிசையைச் சரிபார்க்க விமான நூல்களை மட்டும் புரட்டிப் பயனில்லை. அக்கரையில் வள்ளம் ஓட்டும் முதியவர் ஒருவரைப் படத்தின் முன் இருத்துதல் வேண்டும்.