தண்ணி எப்படி?

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் அப்பாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "குவார்ட்டர்ஸ் உண்டா?" அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "அங்க தண்ணி எப்படி?"

பாங்க், ரயில்வே, தாலுகா ஆபீஸ் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் பார்த்த எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். லாரியிலிருந்து பீரோ இறங்குவதற்கு முன்பே அம்மா கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கரிக்குது. பருப்பு வேகாது" என்று தீர்ப்பும் சொல்லியிருப்பாள். அப்பா அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார். புது ஆபீசில் ஜாயின் பண்ணுகிற அவசரம் அவருக்கு. ஒரு ஊர் ஒட்டுமா ஒட்டாதா என்பது அந்த ஒரு வாய்த் தண்ணீரிலேயே பாதி தெரிந்துவிடும்.

இதே கதையை அமெரிக்காவில், கொரிய மொழியில் எடுத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 'மினாரி' என்று பெயர். 2020-ல் வந்த படம். எழுதி இயக்கியவர் லீ ஐசக் சங். சமீபத்தில் இரண்டாவது முறை பார்த்தேன். முதல் முறை பாட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் தவறவிட்ட விஷயம் இந்த முறை கண்ணில் பட்டது. படம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது தண்ணீர்.

கதை ரொம்பச் சின்னது. 1980-களில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கொரியக் குடும்பம் ஆர்கன்சா மாநிலத்தின் ஒரு சின்ன ஊருக்குக் குடிவருகிறது. ஜேக்கப், மோனிகா, மகள் ஆன், இதயத்தில் கோளாறு உள்ள சின்னப் பையன் டேவிட். நம்ம சினிமாவில் புது ஊருக்கு ஒரு குடும்பம் வந்தால் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, ஊர் ரௌடி வம்புக்கு வரவேண்டும். அல்லது, எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட வேண்டும். குடிவருவதே ஒரு கதை, அதிலேயே ஒரு கல்யாணம் உடைந்துபோகிற அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. இந்தப் படம் யோசிக்கிறது.

முதல் காட்சியைப் பாருங்கள். சாமான் ஏற்றிய லாரியில் ஜேக்கப் முன்னால் போகிறான். மோனிகா பிள்ளைகளுடன் காரில் பின்னால் வருகிறாள். புல்வெளிக்கு நடுவில் ஒரு வீடு. கீழே சக்கரம் வைத்து, வேண்டுமானால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி வீடு. வாசலுக்குப் படிக்கட்டுகூடக் கிடையாது. ஜேக்கப் ஒரு பிடி மண்ணை அள்ளி, அதன் நிறத்தைப் பார் என்கிறான். மோனிகா மண்ணைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கிறாள். அவனுக்குத் தெரிவது 50 ஏக்கர் காய்கறித் தோட்டம். அவளுக்குத் தெரிவது பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஒரு காடு, கூடவே மூச்சு வாங்குகிற மகன். அதிகம் பேசாமலே சண்டையின் முழு விவரமும் நமக்குப் புரிந்துவிடுகிறது. நல்ல இயக்கம் என்றால் இதுதான்.

அப்புறம் தண்ணீர். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் கவட்டைக் குச்சியோடு வருகிறார். நம்ம பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார்களே, அந்த ஜாதி. ஜேக்கப்புக்கு ஏளனம். காசு கொடுத்து இந்த வித்தையெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லை, எனக்கு மூளை இருக்கிறது என்று மகனிடம் பெருமையடித்துக்கொண்டு, பள்ளமான இடமாகப் பார்த்துத் தானே தோண்டுகிறான். தண்ணீர் வருகிறது! அப்பனும் பிள்ளையும் ஜெயித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் கிணறு வற்றுகிறது. காசு கொடுத்து வாங்குகிற குழாய்த் தண்ணீரைப் பயிருக்குத் திருப்பிவிடுகிறான். பில் கட்ட முடியாமல் கடைசியில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது. செடிக்குத் தண்ணீர் உண்டு, சமையலறைக்கு இல்லை. மோனிகாவின் மொத்தப் புகாரும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது. வசனமே தேவையில்லை.

ஜேக்கப்பைக் கெட்டவனாகக் காட்டவில்லை என்பதுதான் படத்தின் நேர்மை. அவனுக்கு வேலை என்ன தெரியுமா? பொரித்த கோழிக்குஞ்சைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பார்த்து ஆணா, பெண்ணா என்று பிரித்துப் போடுவது. இந்த முறை ஜப்பானில் கண்டுபிடித்தது. கொரியர்கள் இதில் கில்லாடிகள். வடமேற்கு ஆர்கன்சாவோ கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பிரதேசம். வருஷக்கணக்காகக் கோழிக்குஞ்சின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாளாவது தன் பெயர் சொல்ல ஒரு காரியம் செய்து பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறான். தப்பா? பண்ணையின் புகைக்கூண்டைப் பார்த்து அது என்ன என்று டேவிட் கேட்கிறான். ஆண் குஞ்சுகளை அங்கே அழித்துவிடுவார்கள், அதனால் நீயும் நானும் உபயோகமாக இருந்து காட்டணும் என்கிறான் அப்பன். எனக்குச் சுருக்கென்றது. குடும்பத் தலைவன் என்கிற உத்தியோகத்தின் பயம் முழுவதும் அந்தப் புகையில் இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொரியாவிலிருந்து மோனிகாவின் அம்மா வந்து இறங்கியதும் படத்துக்கு உயிர் வருகிறது. மூட்டையைப் பிரித்தால் மிளகாய்த் தூள், நெத்திலிக் கருவாடு. அதைப் பார்த்து மோனிகா அழுதுவிடுகிறாள். பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்து அனுப்புகிற நம்ம வீடுகளுக்கு இந்த அழுகையை யாரும் விளக்க வேண்டாம். ஆனால், பேரனுக்குப் பாட்டியைப் பிடிக்கவில்லை. குக்கீ செய்யத் தெரியாது, சீட்டாடுகிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள். இவளெல்லாம் ஒரு பாட்டியா? சர்ச்சில் காணிக்கைத் தட்டில் மகள் போட்ட நோட்டை நைசாக எடுத்துக்கொள்கிற பாட்டி! இந்த வேடத்துக்காக யூன் யோ-ஜங் 2021-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் கொரியர். பாட்டி என்றாலே கண்ணீர் விடவேண்டும், ஆசீர்வாதம் பண்ணவேண்டும் என்று நாம் எழுதி வைத்திருக்கிற இலக்கணத்தை அவர் சட்டை செய்யவே இல்லை.

இந்தப் பாட்டிதான் ஓடைக்கரையில் மினாரி விதையைத் தூவுகிறாள். மினாரி என்பது ஈரத்தில் வளர்கிற ஒரு கீரை. நம்ம கொத்தமல்லி, வல்லாரைக்கெல்லாம் ஒன்றுவிட்ட உறவு. போட்ட இடத்தில் களை மாதிரி வளரும், ஏழை பணக்காரன் யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று அதன் பெருமையைப் பேரனுக்குச் சொல்கிறாள். கவனியுங்கள்... கிணறு தோண்டவில்லை, பில் கட்டவில்லை. தண்ணீர் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நடந்து போனாள். அவ்வளவுதான்.

ஊர் எப்படி? சர்ச்சில் ஒரு வெள்ளைக்காரப் பையன், உன் மூஞ்சி ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று டேவிட்டைக் கேட்கிறான். ஒரு பெண் வாய்க்கு வந்த சத்தங்களையெல்லாம் எழுப்பி, இதில் உன் பாஷை வார்த்தை வந்தால் சொல்லு என்று ஆனிடம் விளையாடுகிறாள். வன்மம் இல்லை, ஆனால் வலிக்கும். அந்தப் பையனே பிறகு டேவிட்டுக்கு சிநேகிதன் ஆகிவிடுகிறான். சின்ன ஊர்கள் அப்படித்தான். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும், அப்புறம் உள்ளே கூப்பிட்டுச் சோறும் போடும்.

இனி குறைகள். இந்தப் படத்தைப் புகழ்ந்தவர்கள் பலர் இதைச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

சங் இதே ஆர்கன்சாவில் லிங்கன் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். சினிமா போதும், பாடம் நடத்தப் போகலாம் என்றிருந்த சமயத்தில், உட்கார்ந்து சின்ன வயசு ஞாபகங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாராம். 80 ஞாபகங்கள். அதிலிருந்துதான் இந்தப் படம். அதுதான் பலம். பலவீனமும் அதுவே. ஒரு பையனின் ஞாபகத்தில் பக்கத்தில் இருந்த அக்கா என்ன ஆனாள்? ஆன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், பெற்றோர் சண்டையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், வளர்ந்தவளைப் போலப் பேசுகிறாள். ஆனால், அவளுக்கென்று ஒரு ஆசையோ ஒரு கோபமோ படத்தில் கிடையாது. புது ஊரில் அதிகம் இழப்பவள் பெரும்பாலும் மூத்த பெண்தான். பழைய ஸ்கூல், பழைய தோழிகள் என்று இழப்பதற்கு அவளிடம்தான் நிறைய இருக்கும். அந்த இழப்பு 80 ஞாபகங்களில் ஒன்றாகக்கூட இந்தப் படத்தில் இடம்பெறவில்லை.

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் எனக்கு சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவல் ஞாபகம் வரும். 1998-ல் வந்தது. 1930-களின் கடைசியில் கோட்டயத்தில் வாழ்கிற ஒரு தமிழ்க் குடும்பம். அப்பாவைக் கண்டு நடுங்குகிற பாலு அதிலும் உண்டு. ஆனால், தலைப்பே மூன்று பேருக்கும் இடம் போட்டுவிட்டதல்லவா? நாவல் நிதானமாக ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் போய் வருகிறது. சினிமாவுக்கு இரண்டு மணி நேரம்தான் என்பது உண்மை. அதற்காக அக்காவை மறந்துவிடலாமா?

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அதைச் சொல்ல முடிவைச் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

எல்லோரும் சேர்ந்து ஓக்லஹோமா சிட்டிக்குப் போகிறார்கள். டேவிட்டின் இதயம் தேறி வருகிறது என்கிறார் டாக்டர். ஜேக்கப்பின் காய்கறியை ஒரு கடைக்காரர் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறார். ஒரே நாளில் இரண்டு நல்ல செய்தி. அப்போதுதான் மோனிகா சொல்கிறாள், இனி முடியாது என்று. நல்ல காலம் வந்தால் சேர்ந்திருப்போம், கெட்ட காலத்தில் குடும்பத்தைவிட உனக்குத் தோட்டம்தான் பெரிது என்றால், உன்னை எதை நம்பி நான் இருப்பேன்? படத்தின் மிகப் பெரிய கேள்வி இது. ஜேக்கப்பிடம் பதில் இல்லை.

இயக்குநரிடமும் இல்லையோ என்று சந்தேகம். ஏனென்றால், வீட்டுக்குத் திரும்பி வந்தால் தீ! பக்கவாதம் வந்து கை சரியாக விளங்காத பாட்டி குப்பை கொளுத்தப் போய், காய்கறி வைத்திருந்த கொட்டகை எரிகிறது. காயைக் காப்பாற்ற ஓடியவர்கள், கடைசியில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். மனசைப் பிசைகிற காட்சிதான். ஆனால், மோனிகா கேட்டது வேறு. தீப்பிடித்தால் நீ என்னைக் காப்பாற்றுவாயா என்று அவள் கேட்கவே இல்லை. தீப்பிடிக்காத சாதாரண செவ்வாய்க்கிழமையில், குழாயில் தண்ணீர் வராத காலையில், நீ யார் பக்கம் என்றுதான் கேட்டாள். பெரிய ஆபத்தைக் கொண்டுவந்து சின்னக் கேள்வியை மறக்கடிப்பது நம்ம சினிமாவுக்கும் நல்ல பழக்கம்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு நல்ல படம், கொஞ்சம் சாமர்த்தியமான படம் என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு சின்னக் காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில், ஜேக்கப்பும் மோனிகாவும் ஒன்றாக நிற்க, அந்தக் கவட்டைக் குச்சிக்காரர் நிலத்தில் நடக்கிறார். குச்சி காட்டிய இடத்தில் அடையாளம் வைக்கிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கட்டிப்பிடித்து அழவில்லை. எனக்கு எவர் தயவும் வேண்டாம் என்ற ஆள், தண்ணீர் எங்கே என்று ஊர்க்காரனிடம் கேட்டு நிற்கிறான். மோனிகாவின் கேள்விக்கு அரை பதிலாவது இது. குச்சிக்கு சக்தி உண்டா, இல்லையா என்பதல்ல விஷயம். கேட்டானே, அதுதான்.

இன்னொன்றில், அப்பனும் பிள்ளையும் ஓடைக்கரைக்குப் போகிறார்கள். மினாரி மண்டிக் கிடக்கிறது. பாட்டி நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே பறிக்கிறார்கள். படம் முடிகிறது.

இந்தப் படத்துக்கே ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் பிறந்தவர் அமெரிக்கப் பணத்தில் அமெரிக்காவைப் பற்றி எடுத்த படத்துக்கு, 2021 கோல்டன் குளோப்பில் கொடுத்த விருது எது தெரியுமா? சிறந்த வெளிநாட்டு மொழிப் படம்! வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் இல்லையாம். ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

புது ஊர் எப்போது நம்ம ஊராகிறது? ரேஷன் கார்டு மாற்றிய அன்றைக்கா, சொந்த வீடு கட்டிய அன்றைக்கா? இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் குடத்தோடு போய் நின்று, "உங்க கிணத்துல ஒரு குடம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கூச்சப்படாமல் கேட்கிற அன்றைக்கு.

அம்மாக்கள் அதை வந்த முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள். அப்பாக்களுக்குத்தான் ஒரு கொட்டகை எரிய வேண்டியிருக்கிறது.