நிற்பதும் இருப்பதும் கிடப்பதும்: ஆங்கில முன்னிடைச்சொல்லும் தீவகத் தமிழும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, தீவகத்தின் வேலணைத் தீவுக்குள் நுழைந்தால் அல்லைப்பிட்டி, அதற்கடுத்து மண்கும்பான். அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பவர் முதலில் கேட்பது ‘எங்கை நிக்கிறியள்?’ என்பதுதான். ‘மண்கும்பானிலை நிக்கிறன்’ என்று பதில் வரலாம். ‘கோயிலடியிலை நிக்கிறன்’ என்றும் ‘வளவுக்கை நிக்கிறன்’ என்றும் வரலாம். இதையே ஆங்கிலத்தில் சொல்ல வருபவருக்கு ‘ஐ ஆம்’ வரை தடையில்லை. அடுத்து வரும் முன்னிடைச்சொல் ‘இன்’ ஆ, ‘அட்’ ஆ, ‘ஒன்’ ஆ என்ற இடத்தில் நா தடுமாறும். இந்தத் தடுமாற்றத்துக்கு மாணவரின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது நம் வழக்கம். இரண்டு மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியும்.

‘த போட் இஸ்’ என்று நிறுத்தினால் ஆங்கில வாக்கியம் முடிவதில்லை. ‘அட் த ஜெட்டி’ என்று சேர்த்தால்தான் அது நிற்கும். வினையோடு வரும் இடச்சொற்றொடரை, வேண்டுமானால் வைக்கலாம் வேண்டாவிட்டால் நீக்கலாம் என்றே பள்ளி இலக்கணம் பழக்கியிருந்தது. ‘இஸ்’ஸுக்குப் பின் அந்தச் சலுகை செல்லாது. 1985இல் குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் வெளியிட்ட பேரிலக்கணம் இதற்கென்று தனி வாக்கிய வகையையே ஒதுக்கியது. எழுவாய், வினை, நீக்க முடியாத அடை என்பது அந்த வகை. 2002இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் இன்னும் முன்னே போனது. இடத்தைச் சொல்லும் தொடரையும் நிலையைச் சொல்லும் தொடரையும் அது பிரித்துப் பார்த்தது.

‘ஹி இஸ் இன் த கார்டன்’, ‘ஹி இஸ் இன் குட் ஹெல்த்’ ஆகிய இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘இஸ்’ இருக்கும் இடத்தில் ‘சீம்ஸ்’ வைத்தால் வேறுபாடு வெளியே வரும். ‘நல்ல சுகத்தோடு இருப்பதாகத் தெரிகிறது’ என்ற பொருளில் இரண்டாவது வாக்கியம் தாங்கும், முதலாவது தாங்காது. கடன்பட்டிருப்பவர் ‘இன் டெட்’, விடுப்பில் இருப்பவர் ‘ஒன் லீவ்’, வேலை இழந்தவர் ‘அவுட் ஒவ் வேர்க்’, பழுது பார்க்கப்படும் பாதை ‘அண்டர் ரிப்பெயர்’. இவற்றை இடச்சொற்களாக எண்ணிப் பொருள் தேடினால் பலன் இல்லை, நிலைச்சொற்களாகவே மனத்தில் பதிக்கவேண்டும். ‘டு’ என்ற சொல் இன்னும் விசித்திரமானது. ‘ஷி இஸ் டு டெல்ஃப்ட்’ என்று எவரும் சொல்லமாட்டார், ‘ஷி ஹாஸ் பீன் டு டெல்ஃப்ட்’ என்பது சரியான ஆங்கிலம். நெடுந்தீவுக்குப் போய் வந்திருக்கிறாள் என்று நாம் இரண்டு வினைகளால் சொல்வதை ஆங்கிலம் ‘பீ’ வினையின் முற்றுநிலை வடிவத்துக்குள் அடக்கிவிடுகிறது.

இன், ஒன், அட் மூன்றையும் ஆழமாக ஆராய்ந்த நூல்களில் அனெட் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1986இல் எழுதியது முக்கியமானது. ஒரு பொருளை உள்ளிடம் கொண்டதாகப் பார்த்தால் இன், பரப்பாகப் பார்த்தால் ஒன், தொலைவிலிருந்து ஒரு புள்ளியாகப் பார்த்தால் அட் என்பது பொதுப்போக்கு. தீவகத்தாருக்கு இதில் தனி அக்கறை உண்டு. நயினாதீவில் இருப்பவரைச் சிறிய நிலப்பரப்பின் மேல் இருப்பவராக எண்ணி ‘ஒன்’ என்பார்கள். இலங்கையும் தீவுதான். ஆனால் அது நாடு, எல்லைக்குள் அடங்கும் இடம், ஆகவே ‘இன் ஸ்ரீ லங்கா’. ‘ஐலண்ட்’ என்ற சொல் வந்துவிட்டால் மறுபடி ‘ஒன் த ஐலண்ட்’. நிலம் மாறவில்லை, பார்க்கும் விதம் மாறுகிறது. தமிழின் ‘தீவில்’ இவை எல்லாவற்றுக்கும் பொது.

அந்தப் பொதுமையைத் தமிழ் இலக்கணிகள் அறியாமல் இருந்ததில்லை. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையைக் ‘கண்’ என்று பெயரிட்டு, தொழில் நடக்கும் இடம், நிலம், காலம் ஆகியவற்றில் அது வரும் என்கிறது. பிறகு உள், கீழ், மேல், பின், அயல், புடை, முன், இடை என்று 19 இடப்பொருள்களை அடுக்குகிறது. நன்னூல் அந்த வரிசையை 28 ஆக விரிக்கிறது. ‘இல்’லும் அவற்றில் ஒன்று. ஒரே உருபுக்குள் இத்தனை இடநுட்பங்கள் அடங்கும் என்பதை எண்ணிக் காட்டிய மரபு இது. தொல்காப்பியத்தின் அந்தச் சூத்திரங்கள் உள்ள சொல்லதிகாரம், சேனாவரையர் உரையோடு 1868இல் அச்சேறியது. ஆறுமுக நாவலர் பரிசோதித்தார், சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்தார். தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் வழியாகக் கற்றவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். இரண்டு இலக்கணங்களையும் ஒரே தலைக்குள் வைத்திருந்த அப்படிப்பட்ட தலைமுறை யாழ்ப்பாணத்தில் இருந்தது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பீட்டைத் தொடர்வது நம் கடன் என்றே கருதுகிறேன்.

தொடர்வதற்கு வேண்டியது ஏட்டுத் தமிழைவிட வாய்த்தமிழ். ‘மகன் கனடாவிலை இருக்கிறான், இப்ப ஊரிலை நிக்கிறான்’ என்ற வாக்கியத்தில் ‘இரு’ நிலையான வாழ்விடத்தையும் ‘நில்’ தற்போதைய தங்கலையும் காட்டுகின்றன. இரண்டுக்கும் ‘இஸ்’ ஒன்றுதான் ஆங்கிலத்தில் உண்டு. வேறுபாடு வேண்டுமென்றால் ‘லிவ்ஸ்’, ‘ஸ்டேயிங்’ என்று வேறு வினைகளைத் தேடவேண்டும். சாவி மேசையிலை கிடக்கும். பஸ் சந்தியிலை நிற்கும். வள்ளம் துறையிலை நிக்குது என்றால் இன்றோ நாளையோ புறப்படப்போகிறது, கிடக்குது என்றால் அதை எடுத்து ஓட்ட ஆளில்லை. ஆசுப்பத்திரியிலை கிடக்கிறவர் பெரும்பாலும் நோயாளி, நிக்கிறவர் பெரும்பாலும் துணைக்குப் போனவர். ஆங்கிலத்தில் நோயாளி ‘இன் ஹொஸ்பிட்டல்’, பார்க்கப் போனவர் ‘அட் த ஹொஸ்பிட்டல்’. நாம் வினையை மாற்றிச் சொல்லும் செய்தியை ஆங்கிலம் முன்னிடைச்சொல்லை மாற்றிச் சொல்கிறது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

பெயரோடு ஒட்டும் இடச்சொற்களிலும் நம் பேச்சு வளமானது. கோயிலடி, கிணத்தடி, சந்தியடி, பனையடி என்பவற்றில் உள்ள ‘அடி’ பொருளின் உள்ளையும் மேலையும் விட்டு, அதை ஒட்டிய இடத்தைக் குறிக்கிறது. ‘அட்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய துணை கிடைக்காது. வீட்டுக்கை, வளவுக்கை என்பவற்றின் ‘க்கை’ உள்ளிடம், ஆகவே ‘இன்’. ஆட்களுக்கு ‘அவரிட்டை’ என்று தனி உருபே உண்டு. ‘சாவி அவரிட்டைக் கிடக்கு’ என்பதை ஆங்கிலம் ‘வித் ஹிம்’ என்று சொல்லும். வகுப்பறையில் மட்டும் இவை எல்லாம் ‘இல்’ என்ற ஒற்றை எழுத்துவழக்கு உருபாகச் சுருங்கிவிடுகின்றன, ‘இல்’ என்றால் ‘இன்’ என்ற சமன்பாடும் கூடவே வந்துவிடுகிறது.

யாழ்ப்பாணப் பேச்சை ஆராய்ச்சிக்கு உரியதாக்கியவர்களில் க. கணபதிப்பிள்ளையும் சு. சுசீந்திரராசாவும் முதன்மையானவர்கள். முன்னவரின் ‘நாநாடகம்’ 1940இல் வந்தது. ஊர்ப்பேச்சை அச்சில் தந்த அந்த நாடகங்கள் இன்று மொழியியலாளருக்கும் சான்று. பின்னவர் யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் அறிவியல் முறையில் விளக்கினார்.

இடத்தை மொழிகள் சொல்லும் விதம் பற்றிய ஆய்வு, உலகளவில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வேகம் பெற்றது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் மெலிஸா பவர்மனும் எரிக் பெடர்சனும் 71 கோட்டுப் படங்களை உருவாக்கினார்கள். மேசைமேல் கோப்பை போன்ற படங்களைக் காட்டி, அது எங்கே என்று பல மொழியினரிடம் கேட்பதே முறை. 2006இல் லெவின்சனும் வில்கின்சும் தொகுத்த நூலில் தமிழுக்கு ஒரு அத்தியாயம் உண்டு, எழுதியவர் பெடர்சன். தமிழ்நாட்டில் ஆய்வு செய்த அவர், சிலர் இடம் வலம் சொல்லும் இடத்தில் வேறு சிலர் வடக்கு தெற்கு சொல்வதைக் கவனித்தவர். இருத்தல், நிற்றல், கிடத்தல் வினைகளுக்கென்றே ஜோன் நியூமன் 2002இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான டச்சு மொழியில் புத்தகம் மேசையில் ‘கிடக்கும்’, போத்தல் ‘நிற்கும்’. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் பெயரிட்டவர்கள் பேசிய மொழி அது. இந்த விடயத்தில் ஆங்கிலத்தைவிட டச்சு மொழியே தீவகத் தமிழுக்கு அருகில் நிற்கிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இல்’ என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். கோயிலடியிலை, வளவுக்கை, மேசைமேலை என்று பிள்ளைகள் ஏற்கெனவே பிரித்துச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள், அட், இன், ஒன் மூன்றும் அவற்றின்மேல் எளிதாக அமரும். பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்த 71 படங்களையும் எடுத்துக்கொண்டு மண்கும்பானிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் உள்ள மூத்தவர்களிடம் போங்கள். யார் நிற்கிறது என்கிறார், யார் கிடக்கிறது என்கிறார் என்று ஒலிப்பதிவு செய்யுங்கள். இளையோர் பலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், அந்தப் பேச்சை முழுமையாகக் கேட்கக்கூடிய காலம் இதுதான்.