பீடத்துக்கு முன்னால் யார் ஆடலாம்?

பாரதபுரம் பற்றிய குறிப்புகளின் அடுத்த பகுதியைக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சுப்பிரமணிய சிவா எங்கும் போய்விட மாட்டார். நடுவில் வேறு ஒரு விஷயம் மண்டையில் புகுந்துகொண்டது, அதை எழுதி இறக்கி வைக்காமல் வேறு வேலை ஓடவில்லை.

என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் கத்தோலிக்கன். தருமபுரிப் பக்கம் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா. "பாப்பா காணிக்கைப் பவனியில பரதம் ஆடுறாடா, நீ வந்தே ஆகணும்" என்றான். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் அந்த வாரம் பாப்பாரப்பட்டியில்தான் இருந்தேன், போனேன்.

திருப்பலியின் நடுவே, அப்பமும் இரசமும் பீடத்துக்குக் கொண்டுபோகும் நேரம். பென் டிரைவிலிருந்து பாட்டு. ஆறு பெண் பிள்ளைகள் சலங்கை கட்டி, குத்துவிளக்கு, மலர்த்தட்டு, பழத்தட்டோடு நடுப்பாதையில் ஆடியபடி வந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அரைமண்டி நன்றாகவே உட்கார்ந்திருந்தது. பீடத்தை நெருங்கியதும் ஒரு சின்ன ஜதி, நமஸ்காரம், முடிந்தது. கோயிலே கைதட்டியது. எனக்கு முன்னால் குறைந்தது முப்பது செல்போன் மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் நண்பனின் அப்பா. அவர் கைதட்டவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவே தேர் பவனி. தேருக்கு முன்னால் பறை செட். வாலிபப் பையன்கள் வேர்த்து ஊற்ற ஆடிக்கொண்டிருந்தார்கள். தேர் திரும்பிக் கோயில் வளாகத்துக்குள் நுழையும்போது விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் ஓடிவந்து, "போதும், கேட்டுக்கு வெளியில நிறுத்து. கோயிலுக்குள்ள இதெல்லாம் வேணாம்" என்றார். பையன்கள் நின்றார்கள். மேளம் வெளியே நின்றது. தேர் மட்டும் உள்ளே போனது.

ஒரே நாள், ஒரே கோயில், இரண்டு ஆட்டம். ஒன்று பீடம் வரைக்கும் வந்தது, இன்னொன்று கேட்டோடு நின்றது. எந்த ரூல்படி என்று தேட ஆரம்பித்தேன். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள்: "ஆடிட்டுப் போறாங்க, உனக்கென்ன?"

வழிபாட்டில் நடனம் பற்றி உரோமையிலிருந்து வந்ததில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1975-இல் திருவழிபாட்டுப் பேராயத்தின் 'நொத்தித்தியே' இதழில் வெளியான ஒரு குறிப்பு. சுருக்கம் இதுதான்: எந்தப் பண்பாட்டில் நடனம் இன்னும் சமய உணர்வின் வெளிப்பாடாக இருக்கிறதோ, அங்கே அது வழிபாட்டுக்குள் வரலாம். மேற்கில் நடனம் காதலோடும் கேளிக்கையோடும் ஒட்டிப்போய்விட்டது, அதனால் அங்கே வழிபாட்டில் இடமில்லை. உதாரணத்துக்கு எத்தியோப்பியாவைக் காட்டுகிறது. அங்கே சமய ஆட்டம் வேறு, போர் ஆட்டம் வேறு, காதல் ஆட்டம் வேறு என்று பிரிந்தே இருக்கிறதாம். குருக்களே ஆடுவார்களாம், கோயிலுக்கு முன்னால் உள்ள திறந்த வெளியில். (இந்தத் திறந்த வெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

1988-இல் ஜயீர் நாட்டு மறைமாவட்டங்களுக்கான திருப்பலி முறை அங்கீகரிக்கப்பட்டபோது உடல் அசைவும் ஆட்டமும் பூசைக்குள்ளேயே வந்துவிட்டன. 1994-இல் வந்த பண்பாட்டுமயமாக்கல் பற்றிய அறிவுறுத்தல் தன் 42-ஆம் எண்ணில் இன்னொரு நிபந்தனை வைத்தது: ஆட்டம் கூடியிருக்கும் மக்களின் பொது ஜெபமாக இருக்க வேண்டும், பார்த்து ரசிக்கும் நிகழ்ச்சியாகிவிடக் கூடாது.

ஆக இரண்டு சோதனை. ஒன்று, அந்த ஆட்டம் அந்தப் பண்பாட்டில் புனிதமானதா? இரண்டு, அது எல்லோருடைய ஜெபமா, சிலர் செய்து காட்டுவதா? காகிதத்தில் பார்க்க ரொம்பத் தெளிவு. ஆனால் எழுதியவர்கள் ஒரு நாட்டில் ஒரு பண்பாடுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதை எட்ஜ் கேஸ் என்போம். தமிழ்நாட்டில் அந்த எட்ஜ் கேஸ்தான் மொத்த ஊரும்.

இந்தியாவுக்கென்று 1969-இல் உரோமை ஒப்புக்கொண்ட பன்னிரண்டு அம்சங்களை எடுத்துப் பாருங்கள். தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, அஞ்சலி, பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி, எண்ணெய் விளக்கு எல்லாம் இருக்கிறது. நடனம் என்று ஒரு அம்சம் இல்லை. ஆரத்தி எடுக்க நடந்து வந்த கால், போகப் போக ஜதி போட ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு ஆளும் பயிற்சியும் கிடைத்தன. திருச்சியில் 1977-இல் எஸ்.எம். ஜார்ஜ் அடிகளார் தொடங்கிய கலைக்காவிரி பின்னாளில் நுண்கலைக் கல்லூரியாகி, பரதத்தைக் கிறிஸ்தவக் கருப்பொருளோடு ஊர் ஊராகக் கொண்டுபோனது. இன்னொரு பக்கம் பிரான்சிஸ் பார்போசா. குருவாக இருந்துகொண்டே பரதம் பயின்றவர். தந்தை, மகன், சிலுவை, மரியாள் என ஒவ்வொன்றுக்கும் புதிய முத்திரைகளையே வகுத்தார். சாஸ்திரத்தில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் கை இருக்கிறது, இயேசுவுக்கு இல்லை, சரி நாம் செய்வோம் என்று உட்கார்ந்தவர். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். மேடையில் அது முழுமையான கலை. ஆனால் பூசையில், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அந்த முத்திரை எதைச் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிய ஜெபம் மாதிரிதான்.

முதல் சோதனையில் பரதம் எப்படிப் பாஸ் ஆனது என்பதுதான் வேடிக்கை. தேவதாசிகள் ஆடிய சதிரை எதிர்த்து 1890களில் சென்னையில் கிளம்பிய இயக்கத்தில் இந்து சீர்திருத்தக்காரர்களோடு மிஷனரிகளும் சேர்ந்தே நின்றார்கள். கோயிலில் ஆடிய பெண்களை 1947 சட்டம் கோயிலை விட்டு வெளியேற்றியது. அதற்குள் அந்த ஆட்டம் பெயர் மாறி, இடம் மாறி, 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற இடங்களில் பிராமண, மேல்சாதி வீட்டுப் பெண்களின் கலையாக மரியாதை பெற்றுவிட்டது. அந்த மரியாதை வந்த பிறகுதான் நம் ஊர்ப் பீடத்துக்கு முன்னால் அதற்கு இடம் கிடைத்தது. புனிதம் ஆட்டத்துக்குள் இருந்ததா, ஆடியவர் சாதியில் இருந்ததா? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பதில் தானே தெரிகிறது.

இதில் பழைய புராட்டஸ்டண்டு கதை ஒன்றும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி என்றாலே ஆட்டம்தான். அவரோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மேல் பாடப்பட்ட சரபேந்திர பூபால குறவஞ்சியைப் பெரிய கோயிலில் தாசிகள் ஆடினார்கள். சாஸ்திரியாரின் குறவஞ்சியில் தலைவி இருக்கிறாள், பந்தடிக்கிறாள், குறத்தி குறி சொல்கிறாள். ஆனால் சபை அதை உட்கார்ந்து கேட்டது, காலட்சேபமாக. ஆட்டத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு காலை மட்டும் கட்டிப்போட்டுவிட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு ஆட்டத்தோடு உள்ள சங்கடம் முழுவதும் எனக்கு அந்த ஒரு நூலிலேயே தெரிகிறது.

இரண்டாவது சோதனைக்கு வருவோம். பொது ஜெபமா, நிகழ்ச்சியா? அன்று நான் பார்த்த காணிக்கைப் பவனி இதில் தெளிவாக ஃபெயில். ஆறு பேர் ஆட முந்நூறு பேர் பார்த்தோம், படம் பிடித்தோம், கைதட்டினோம். பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர், வழிபாட்டில் கைதட்டல் வந்தாலே வழிபாடு வேறு ஏதோ ஆகிவிட்டது என்று 2000-இல் எழுதினார். அவரோடு எனக்கு நிறைய விஷயத்தில் ஒத்துப்போகாது, இதில் மறுக்க முடியவில்லை. தேருக்கு முன்னால் என்ன நடந்தது? அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. ஓரமாக நின்ற பையனை இழுத்து உள்ளே விட்டார்கள். அவனும் ஆடினான்.

இதை வைத்து அடுத்த வாரமே ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். பறையை உள்ளே விடு, பரதத்தை மேடைக்கு அனுப்பு என்கிற ரீதியில். ஆதரவுக்குப் பெரிய ஆட்களும் இருந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும், கர்நாடகக் கீர்த்தனையை விட்டு நாட்டுப்புற மெட்டுக்கு வா என்று கடைசிவரை, 2005-இல் இறக்கும்வரை, சொன்னவர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவை நடத்துவது கன்னியாஸ்திரிகள். சிஸ்டர் சந்திரா தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து, அடித்துக்கொண்டே ஆடவும் வைத்தார். பெண் தொடக்கூடாது, சாவுக்கு மட்டும்தான் என்றிருந்த வாத்தியம் அது.

கட்டுரையை வெளியிடும் முன் நண்பனின் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"தம்பி, எங்கப்பா கையில இருந்தது அந்த மோளம். ஊர்ல யார் செத்தாலும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து கூப்பிடுவான். வரமாட்டேன்னு சொல்ல முடியாது. கூலி கேக்க முடியாது. அதைக் கீழ இறக்கி வைக்கத்தான் நாங்க கோயிலுக்கு வந்தோம். நீ அதைத் தூக்கிட்டு வந்து பீடத்துல வைங்கற."

"இல்லப்பா, இப்ப அது விடுதலை இசைன்னு..."

"யாருக்கு? உனக்கு அது இசை. எம் பேத்தி அந்தச் சலங்கையைக் கட்டுனா பாரு, எங்க வம்சத்துல யாரும் கட்டினதில்ல. கட்ட விட்டதுமில்ல."

கட்டுரையை அப்படியே அழித்துவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

நான் 'மேல்சாதிக் கலை உள்ளே வந்துவிட்டது' என்று பார்த்த இடத்தில், அவர் 'என் பிள்ளை உள்ளே போய்விட்டாள்' என்று பார்த்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆட்டம். பறையை ஒரு அடையாளமாக எடுத்து உயர்த்துவது, அதை அடிக்கக் கட்டாயப்படுத்தப்படாத தலைமுறைக்குக் கொஞ்சம் சுலபம். எனக்கு இன்னும் சுலபம். என் வீட்டில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. சக்தி குழுவின் பெண்கள் தாங்களாகவே எடுத்தார்கள், அது வேறு. பரதத்தைப் பற்றிய என் விமர்சனத்தை இதனால் மாற்றிக்கொள்ளவில்லை, பூசைக்குள் அது இன்னும் நிகழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் எது வர வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

உரோமையின் சோதனை எதையும் கேட்காமல் ஆடிக்கொண்டிருப்பவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். 1920களில் கொழும்பில் தொடங்கி, இன்று சென்னை இரும்புலியூரில் பெரிய மையம் வைத்திருக்கும் பெந்தெகொஸ்தே மிஷன் சபைகளில் வெள்ளை உடுத்திக் கைதட்டிப் பாடி, பாட்டு ஏற ஏற ஆடவும் செய்கிறார்கள். சலங்கை கிடையாது, ஒத்திகை கிடையாது, வயதும் கிடையாது. அழகாக இருக்கிறதா என்றால், இல்லை. ஆனால் அழகாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

அவர்கள் காட்டும் ஆதாரம் தாவீது. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ராஜா ஆடியது, இரண்டாம் சாமுவேல் 6. எபிரேய மூலத்தில் அந்த ஆட்டத்துக்கு உள்ள சொல் சுற்றிச் சுழல்வதையும் இன்னொரு சொல் துள்ளுவதையும் குறிக்கிறது என்கிறார்கள் அறிஞர்கள். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு 'நடனம்' என்று கௌரவமாகப் போட்டுவிட்டது. சந்தையில் விளையாடும் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மத்தேயுவில் 'கூத்தாடுதல்'. தாவீது ஆடியதும் கூத்துதான் என்று எனக்குத் தோன்றும். எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் வேஷக்காரர் சுழன்று அடிப்பதைக் கிறிக்கி என்பார்கள். எபிரேயச் சொல்லின் வேரும் 'கிர்கேர்' என்றுதான் ஒலிக்கும்! (வேர்ச்சொல் ஆராய்ச்சிக்காரர்கள் தயவுசெய்து இதைப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம், வெறும் தற்செயல்.) அந்தக் கதையில் ஜன்னல் வழியே பார்த்து முகம் சுளித்தவள் மீகாள், சவுலின் மகள். ராஜா அடிமைப்பெண்கள் பார்க்கும்படி உடையைக் களைந்து ஆடினாரே என்பதுதான் அவள் குறை. ஆடியது தப்பு என்று அவள் சொல்லவில்லை. அது தகுதிக்குக் குறைவான ஆட்டம், அவ்வளவுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் மேளத்தை நிறுத்தியவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே.

எத்தியோப்பியக் குருக்கள் ஆடும் திறந்த வெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? அன்று பையன்களை நிறுத்திய கேட்டுக்கும் கோயில் கதவுக்கும் நடுவில் அப்படி ஒரு மைதானம் இருக்கிறது, நல்ல அகலம். 1975 குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலும் அங்கே ஆட யாருக்கும் தடையில்லை. இதை நண்பனிடம் சொன்னேன். அடுத்த வருஷம் விழாக்குழுவில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அப்பா அப்போது கூடத்தில்தான் இருந்தார், பேத்தியின் சலங்கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு. "அவங்க ஆடட்டும்டா. அடிக்கறவனுக்கு முன்பணம் கொடுத்துக் கூப்பிடச் சொல்லு" என்றார்.