பணிமூப்பும் கேப்டன் இருக்கையும்

1997 ஆகஸ்ட் 6 அதிகாலையில், குவாம் தீவில் இறங்க வந்த கொரியன் ஏர் 801 ஒரு குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். இறங்குசரிவைக் காட்டும் கருவி அன்று பழுதுபார்ப்பில் இருந்தது. தூரம் காட்டும் நிலையமோ ஓடுபாதைக்குச் சுமார் 3 கடல் மைல் முன்னால், விமான நிலையத்துக்கு வெளியே இருந்தது. சிமுலேட்டரில் அந்த விமானிகள் பழகியதெல்லாம் அந்த நிலையம் விமான நிலையத்திலேயே அமைந்த இடங்களில்தான். கேப்டனின் பிழை, விமானி அறையில் இருந்த மற்ற இருவர் சரிபார்க்கத் தவறியது ஆகியவற்றோடு நிறுவனத்தின் போதாத பயிற்சியையும் அமெரிக்க விசாரணை வாரியம் காரணங்களில் சேர்த்தது. மூவரும் உரிய தேர்வுகளில் தேறியவர்கள்தாம். தேர்வு கேட்டதற்கு விடை தெரிந்தது. குவாம் வேறொன்றைக் கேட்டது.

மூத்தவரிடம் வாய் திறக்காத கொரியப் பண்பாடே காரணம் என்ற விளக்கம், மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 1999 டிசம்பரில் லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட்டில் கொரியன் ஏரின் சரக்கு விமானம் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போனபோது துணை விமானி எதுவும் சொல்லவில்லை; விமானம் விழுந்தது. ஆனால் அதன்பின் கொரியன் ஏர் விமானம் எதுவும் உயிர்ப்பலி வாங்கும் விபத்தில் சிக்கவில்லை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் அதே நாட்டவர். ஒரு நாட்டின் பண்பாடு நாலைந்து ஆண்டுகளில் மாறிவிடாது. மாறியது நிறுவனம். 2000இல் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்திலிருந்து டேவிட் கிரீன்பெர்க்கை வரவழைத்து விமான இயக்கப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பயிற்சி வெளியார் கைக்குப் போனது. அங்கிருந்த விமானிகளின் விமானப்படைக் கால மூப்புக்குக் கட்டுப்படாத ஒருவரால்தான் மூத்த கேப்டனிடம் ‘தேறவில்லை’ என்று சொல்ல முடிந்தது. இந்த முறையின் பெரிய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்: இரவல் வாங்கிய கண்டிப்பு வந்தவர் போனபின் நிற்குமா?

பதவி உயர்வில் பணிமூப்பைத் தள்ளினால் வேண்டியவர்களுக்கு வாரி வழங்கும் பழக்கம் புகும் என்று விமானிகள் சங்கங்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது. அமெரிக்க நிறுவனங்களில் இதற்கு விடை உண்டு. வாய்ப்பு மூப்பு வரிசைப்படி வரும். பதவி தேறினால்தான் வரும். மூப்பு வரிசையைத்தான் தீர்மானிக்க வேண்டும், தகுதியை அல்ல. தேர்வுக்குப் பதிலாகப் பறந்த மணிநேரத்தை அளவுகோலாக்குவது சோம்பேறித்தனம். 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின் அமெரிக்கா 1,500 மணிநேர விதியைக் கொண்டுவந்தது. அந்த விமானிகள் இருவருமே அதைத் தாண்டியவர்கள்! கேப்டன் முன்பு பல தேர்வுகளில் தோற்றிருந்தார் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. 2013இல் சான்பிரான்சிஸ்கோவில் விபத்துக்குள்ளான ஏசியானா 214இன் கேப்டனுக்கும் மொத்த அனுபவம் ஏராளம். அவர் ஓட்டிய போயிங் 777 ரகத்தில் மட்டும் 45 மணிநேரம்கூட இல்லை. பக்கத்தில் அமர்ந்த பயிற்றுநருக்கு அதுதான் பயிற்றுநராக முதல் பயணம். கண்ணால் பார்த்து இறங்குவதில் இருவருமே சறுக்கினார்கள்.

அதே ஏசியானாவை 2024 டிசம்பரில் கொரியன் ஏர் வாங்கியது. இரண்டு மூப்புப் பட்டியல்களை ஒன்றாக்கும்போது யார் முன், யார் பின் என்ற வழக்கு எழாமல் இராது. அதில் விட்டுக்கொடுக்கலாம், பேரம் பேசலாம். ஆனால் தேர்வில் விட்டுக்கொடுத்துப் பட்டியல் சண்டையைத் தீர்க்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் கேப்டன்களை மற்றதன் தேர்வாளர்கள் சோதிக்கட்டும், அதுவும் முன்கூட்டி அறிவிக்காத சூழல்களில். செலவு கூடும், பதவி உயர்வு தாமதமாகும். இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும்.