மூடிக்கு ஒரு வெள்ளிப் பூண்

எபோனைட் பேனாவின் மூடியில் முதலில் விரிசல் விடக்கூடிய இடம் அதன் வாய். உள்ளே மரை வெட்டியதில் சுவர் மெலிந்திருக்கும். கொஞ்சம் இறுக்கித் திருகினாலும் அழுத்தம் அங்கேதான் விழும். உலக்கைக்குப் பூண் கட்டுகிற அதே காரணத்துக்காகத்தான் பேனா மூடிக்கும் உலோகப் பட்டை வந்தது. 1921-ல் வெளிவந்த பார்க்கர் டுவோஃபோல்டின் ஆரம்பப் பேனாக்களில் இது கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். அழகு என்பது கூடவே கிடைத்த லாபம்.

நான் எழுதிப் பார்ப்பது, பச்சையும் கறுப்பும் அலையலையாக ஓடும் கைக்கடைசல் பேனா ஒன்று. வாயோரம் 5 மி.மீ. அகலத்தில் 925 வெள்ளிப் பூண் வேண்டும் என்று பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியது.

பூணை மேலே மாட்டி ஒட்டிவிடுவதில்லை. மூடியின் வாய்ப்பக்கத்தை லேத்தில் படியாகக் கடைந்து, வளையத்தை அதில் நுழைத்து, கீழே எபோனைட்டிலேயே ஒரு சின்னக் கழுத்தை எபாக்ஸியால் ஒட்டி, மூன்றையும் சேர்த்துக் கடைகிறார்கள். சிக்கல் அந்தப் படியில்தான். அளவு தப்பி ஆழமாகக் கடைந்துவிட்டால், பலத்துக்காகப் போட்ட பூணே சுவரைக் காகிதமாக்கிவிடும். வளையத்தை இறுக்கி அடித்து ஏற்றுவதும் ஆகாது. வெயிலில் எபோனைட் வெள்ளியைவிடப் பல மடங்கு விரியும். பசைக்கென்று மயிரிழை இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

வேலை சுத்தமா என்று பார்க்க லென்ஸ் தேவையில்லை, விரல் நகம் போதும். உப்புத்தாள் போடும்போது எபோனைட் சீக்கிரம் தேயும், வெள்ளி தேயாது. அவசரக்காரர் கையில் பூண் மேடாக நின்றுவிடும். என் பேனாவில் மேல் விளிம்பு வழுக்கிக்கொண்டு போகிறது. கீழ் விளிம்பில் ஓரிடத்தில் நகம் லேசாக மாட்டுகிறது. ஆனால் கழுத்துத் துண்டை அதே கம்பியிலிருந்தே வெட்டியிருக்கிறார்கள். பச்சை அலை பூணுக்குள் புகுந்து மறுபக்கம் அதே வரிசையில் வெளிவருகிறது. இதற்காகவே அந்த நகச் சிக்கலை மன்னித்துவிட்டேன்.

எடை இரண்டு கிராமுக்குள்தான் கூடியிருக்கும். மூடியைப் பின்னால் செருகாமல் எழுதினால் வித்தியாசமே இல்லை. செருகினால் பேனா பின்பக்கம் சாய்கிறது; நாலு பக்கம் எழுதுகிறவருக்குக் கட்டைவிரல் சொல்லிவிடும்.

பெரிய குறை வேறு. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. டிராயரில் மூடி வைத்தால் பூணில் மஞ்சள் படர்ந்து, பிறகு கறுக்கிறது. பாலிஷ் பேஸ்ட் போட்டால் இணைப்புக் கோட்டில் வெள்ளைப்பொடி தங்கிவிடும். உலர்ந்த வெள்ளி துடைக்கும் துணியே நல்லது. துடைக்கச் சோம்பல் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். கறுக்காது, கொஞ்சம் ஆஸ்பத்திரிக் களை மட்டும் இருக்கும். பித்தளையும் மங்கத்தான் செய்யும், ஆனால் மங்கின பித்தளை கறுப்பு எபோனைட்டோடு நன்றாகவே போகிறது.

மூடி உச்சியிலும் பேனாவின் வாலிலும் வளையம் போடலாமா என்று பட்டறையில் கேட்பார்கள். அங்கே தாங்க வேண்டிய பாரம் எதுவும் இல்லை, கூடுவது எடையும் துடைக்கிற வேலையும்தான். வாயில் ஒன்று போதும். அந்தக் காசுக்கு நல்ல நிப்பு வாங்குங்கள்.